கால் அறிந்ததை வாய் சொல்லுமா?

(செங்கல்பட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செங்கல்பட்டிலும், பிறகு கடற்கரையை ஒட்டிய ஊர்களிலும் வேலை பார்த்தேன். பெற்றோர் என்னிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "சார், பெரிய பிளேயர் யாராவது வந்து கோச்சிங் கொடுத்தா எங்க பையன் நல்லா வருவானா?" இன்றைய சொற்பொழிவு அந்தக் கேள்விக்கான விடை. பெரிய ஆட்டக்காரராக இருந்த ஒருவர் நல்ல பயிற்சியாளராகவும் இருப்பாரா?

முதலில் என் மைதானத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கோடை விடுமுறையில், பேர்பெற்ற முன்னாள் வீரர் ஒருவர் பத்து நாள் முகாம் நடத்த வந்தார். முதல் நாள் காலை கார்னரில் பந்தை வைத்து உதைத்தார். பந்து வெளியே போவதுபோல் போய், வளைந்து திரும்பி, தூரத்துக் கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே விழுந்தது. பிள்ளைகள் மூச்சுவிட மறந்து நின்றார்கள். "இப்படித்தான் அடிக்கணும்" என்றார். ஒரு பையன், "எப்படி சார்?" என்றான். அவர் மறுபடியும் அடித்துக் காட்டினார். அதே வளைவு, அதே கம்பம். அவன் மறுபடியும் "எப்படி சார்?" என்றான். நான்காம் நாள் அவருக்குக் கோபம் வந்தது. ஆறாம் நாள் அவர் வரவில்லை.

மிச்சமிருந்த நாட்களை நான் நடத்தினேன். ஊன்றும் கால் பந்துக்கு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், உடம்பு எந்தப் பக்கம் சாய வேண்டும், பாதத்தின் எந்த எலும்பு பந்தில் பட வேண்டும், உதைத்த கால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று அந்த ஒரே உதையை நான்காகப் பிரித்துச் சொன்னேன். முகாம் முடியும்போது ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பந்து வளைந்தது. அந்த உதையை அவர் அடித்த அழகில் நான் ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் அவர் அடித்ததைப் பார்த்திராவிட்டால், அப்படி அடிக்க வேண்டும் என்ற ஆசையே அந்தப் பிள்ளைகளுக்கு வந்திருக்காது. இந்த இரண்டையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும். அவரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது பாதி உண்மைதான்.

நன்னூலார் சொன்ன நான்கு குறைகள்

ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்பதை நம் மொழியில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் எழுதி வைத்திருக்கிறார். நன்னூலின் பாயிரத்தில், நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை சொல்கிறார். ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகள் தருகிறார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. இலக்கணம் படிக்க வந்த மாணவனுக்காக எழுதியவை இவை. மைதானத்தில் நின்று படித்தால், நமக்காகவே எழுதியவைபோல் இருக்கின்றன.

கழற்சிக்காய்களைக் குடத்தில் வரிசையாகப் போட்டாலும், கவிழ்த்தால் முறைமாறித்தான் கொட்டும். பெரிய ஆட்டக்காரர் பலரிடம் இந்தக் குறையைப் பார்த்திருக்கிறேன். அவர் நினைவில் நிற்பது, ஆட்டத்தின் உச்சத்தில் இருந்த கடைசி ஐந்தாறு ஆண்டுகள். அதற்கு முன்னால் சுவரில் பந்தை அடித்து அடித்து நிறுத்திப் பழகிய ஆண்டுகள் மறந்துபோயிருக்கும். அதனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுப் பாடத்தை முதலில் எடுப்பார்.

பருத்திக் குண்டிகை என்பது, சிறிய வாயுள்ள பாத்திரத்தில் பஞ்சைத் திணித்து வைப்பது. உள்ளே நிறைய இருக்கும். வெளியே எடுக்க வராது. வாசலில் கோலம் போடும் அம்மாவிடம், "அடுத்த புள்ளியிலிருந்து கோடு ஏன் இப்படித் திரும்புது?" என்று கேட்டுப் பாருங்கள். "பார்த்துப் போடேன்" என்பாள். மறைப்பதற்காகச் சொல்வதில்லை. கைக்குப் பழகிப்போனதை வாய் மறந்துவிடுகிறது. இருபதாண்டு ஆடிய காலும் அப்படித்தான். எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதை அது எண்ணுவதற்குள் தெரிந்துகொள்ளும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், அந்த ஆட்டக்காரருக்கே பதில் கிடையாது.

மடற்பனையின் கருக்கு யாரையும் ஏறவிடாது. பழம் தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். பெரியவர் அருகில் போகவே பிள்ளைகள் பயப்படும் முகாம்கள் உண்டு. அங்கே அவர் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் விழுந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம்.

முடத்தெங்கு வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றுபவர் ஒருவர், காய் விழுவது அடுத்தவர் தோட்டத்தில். பயிற்சிக் கட்டணத்தைக் கிராமத்துப் பிள்ளையிடம் வாங்கிக்கொண்டு, நேரத்தையும் கவனத்தையும் விளம்பரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் கொடுப்பவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

இந்த நான்கில் ஒன்றுகூட அறிவு குறைந்தவரைப் பற்றியது அல்ல. குடம் நிறைந்திருக்கிறது, குண்டிகை நிறைந்திருக்கிறது, பனையிலும் தென்னையிலும் காய் இருக்கிறது. குறை கொடுப்பதில் இருக்கிறது. அதே பவணந்தியார் நல்லாசிரியரை மலைக்கும் ஒப்பிட்டதை மறந்துவிடக் கூடாது. மலை தூரத்திலிருந்தே தெரியும். அதைப் பார்த்ததும் ஏற வேண்டும் என்று தோன்றும். பெரிய வீரர் மைதானத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகளுக்குத் தோன்றுவது அதுதான். சாதாரண பி.டி. வாத்தியாருக்கு அந்த மலைத்தன்மை எளிதில் வாய்க்காது.

பெர்லினில் ஆடிய இருவர்

இப்போது உலகத்தைப் பார்ப்போம். 2006 ஜூலை 9, பெர்லின். இத்தாலிக்கும் பிரான்சுக்கும் உலகக் கோப்பை இறுதியாட்டம். பிரான்சின் கோலை அடித்தவர் ஜினடின் ஜிடான். இத்தாலியின் கோலை அடித்தவர் மார்க்கோ மாட்டராசி. கூடுதல் நேரத்தில் ஜிடான் மாட்டராசியின் மார்பில் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த இருவரும் பிற்காலத்தில் பயிற்சியாளர் ஆனார்கள். அவர்களில் ஒருவர் நம் சென்னைக்கே வந்தார்.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. அணிக்கு மாட்டராசி பயிற்சியாளர். 2015-இல் அணி தடுமாறி, லீக் சுற்றின் கடைசி நான்கு ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குப் போனது. அந்த டிசம்பரில்தான் நம் பகுதியை வெள்ளம் சூழ்ந்தது. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேக்கு மாறியது. சொந்த மண்ணில் ஆட முடியாத அணி அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதியாட்டம். எதிரணியான கோவாவின் பயிற்சியாளர் யார் தெரியுமா? பிரேசிலின் ஜீக்கோ. ஆட்டக்காரராக மாட்டராசியைவிடப் பல படிகள் உயர்ந்தவர். 90-ஆவது நிமிடம் வரை சென்னை 1-2 என்று பின்தங்கி இருந்தது. ஒரு சேம் சைடு கோலில் சமநிலை வந்தது. அடுத்த இரண்டு நிமிடத்தில் கொலம்பியாவின் மெண்டோசா வெற்றி கோலை அடித்தார். 3-2. வெள்ளத்தில் வீடு இழந்தவர்கள் இருந்த ஊருக்குக் கோப்பை வந்தது.

பெரிய வீரர் நல்ல பயிற்சியாளர் ஆவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கலாம். அடுத்த ஆண்டையும் பாருங்கள். 2016-இல் எட்டு அணிகளில் சென்னைக்கு ஏழாமிடம். ஜீக்கோவின் கோவாவுக்கு எட்டாமிடம். அதே இருவர், அதே புகழ். சென்னைக்கு இரண்டாம் கோப்பை 2018 மார்ச்சில் வந்தது. அப்போது பயிற்சியாளர் ஜான் கிரிகோரி. இங்கிலாந்துக்காக ஆறே ஆட்டங்கள் ஆடியவர். வாழ்நாளில் பெரும்பகுதியைப் பயிற்சித் தொழிலிலேயே கழித்தவர். ஆக, ஒரே அணிக்கு உலகக் கோப்பை வென்றவரும் ஒரு கோப்பை பெற்றுத் தந்தார், அந்தப் புகழ் இல்லாதவரும் ஒரு கோப்பை பெற்றுத் தந்தார். ஆட்டப் புகழை வைத்துப் பயிற்சியை அளக்க முடியாது என்பதற்கு நம் வீட்டுக் கணக்கே போதும்.

ஜிடான் கதையில் இன்னும் பெரிய பாடம் இருக்கிறது. அவர் நேராகத் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் போய் உட்காரவில்லை. 2013-இல் ரியால் மாட்ரிட் அணியில் தலைமைப் பயிற்சியாளர் ஆஞ்சலோட்டியின் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு அந்த கிளப்பின் இரண்டாம் அணிக்குப் பொறுப்பேற்றார். உரிய பயிற்சியாளர் உரிமம் இல்லை என்று 2014-இல் சர்ச்சை எழுந்தது. உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்த மனிதர் வகுப்பில் உட்கார்ந்து அந்தப் படிப்பை முடித்தார். 2016 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று முறை சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றார்.

ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்றவர்கள் மூன்றே பேர்: பிரேசிலின் ஜகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பாவர், பிரான்சின் தெஷாம். மரடோனாவைவிடப் பெரிய ஆட்டக்காரர் உண்டா என்றுதான் உலகம் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறது. அவர் பயிற்சியளித்த அர்ஜென்டினா, மெஸ்ஸியை வைத்துக்கொண்டும் 2010 கால் இறுதியில் ஜெர்மனியிடம் 0-4 என்று தோற்றது. பெருமையில் இவர்களுக்குள் வேறுபாடு தேட முடியாது. ஒருவர் கற்பித்தலைத் தனித் தொழிலாகக் கருதி அடியிலிருந்து கற்றாரா என்பதில்தான் வேறுபாட்டைத் தேட வேண்டும்.

ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மாணவரும்

இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தை உருவாக்கியவர் யார்? ஐதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியர்; உடற்கல்வியில் பயிற்சி பெற்றவர். ஆட்டக்காரராக நாடறிந்த பெயர் அவருக்கு இல்லை. அவர் பயிற்சியில் இந்தியா 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மீண்டும் தங்கம் வென்றது. அந்த ஜகார்த்தாவில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். தென்கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஜர்னைல் கோல் அடித்தார். இந்தியா 2-1 என்று வென்றது. ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் காலமானார். அடிபட்ட ஒருவரிடம் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் கண், ஆசிரியரின் கண்.

அந்த இறுதியாட்டத்தின் இன்னொரு கோலை அடித்தவர் பி.கே.பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவர். நாட்டின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர். அவரே பிற்காலத்தில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகளின் பெரும் பயிற்சியாளர் ஆனார். பேலே ஆடிய காஸ்மாஸ் அணியை 1977-இல் மோகன் பகான் 2-2 என்று சமன் செய்தபோது பயிற்சியாளர் அவர்தான். ஆட்டத்துக்கு முன் வீரர்களிடம் அவர் பேசும் பேச்சு வங்காளத்தில் பழமொழி போலப் புகழ்பெற்றது. கால் அறிந்ததைச் சொல்லும் வாயை அவர் தேடிப் பெற்றுக்கொண்டார். ரோமில் ஆடிய அதே இந்திய அணியில் இருந்த தமிழர் சைமன் சுந்தரராஜ், 1973-இல் கேரளம் தன் முதல் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணிக்குப் பயிற்சியாளர். பெரிய ஆட்டக்காரரால் முடியாது என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள். பெரிய ஆட்டக்காரரால்தான் முடியும் என்று சொன்னால், ரஹீம் பெயரைச் சொல்லுங்கள்.

பூஞ்சேரியில் பார்த்தது

கால்பந்தை விட்டு ஒரு நிமிடம் சதுரங்கத்துக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்கான மிகத் தெளிவான விடை நம் வாசலிலேயே கிடைத்தது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட். நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள். போட்டியின் சின்னமான 'தம்பி', வேட்டி கட்டிய குதிரையாக நம் சுவர்களிலெல்லாம் நின்றான். இந்தியாவின் இரண்டாம் அணியில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஆடினார்கள். இருவருக்கும் பதினாறு வயது. குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றார். அந்த அணி வெண்கலம் பெற்றது.

அவர்களுக்குப் பின்னால் இரண்டு மனிதர்கள் இருந்தார்கள். ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த், ஐந்து முறை உலக சாம்பியன். அந்த ஒலிம்பியாடில் அவர் ஆடவில்லை. இந்திய வீரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். இன்னொருவர் அந்த அணியின் பயிற்சியாளர் ஆர்.பி.ரமேஷ். அவரும் கிராண்ட்மாஸ்டர்தான், 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன். ஆனால் ஆனந்தின் உயரத்தை அவர் ஆட்டத்தில் தொட்டதில்லை. 2008-இல், இன்னும் ஆடக்கூடிய வயதில், ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மனைவி ஆர்த்தியுடன் சேர்ந்து சென்னையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பிரக்ஞானந்தாவும் அவர் அக்கா வைஷாலியும் அவரிடம் வளர்ந்தவர்கள்.

ஆனந்த் இல்லாவிட்டால் இந்த ஊரில் இத்தனை பிள்ளைகள் சதுரங்கப் பலகையைத் தொட்டிருக்க மாட்டார்கள். ரமேஷ் போன்றவர்கள் இல்லாவிட்டால், தொட்ட பிள்ளைகளில் பலர் இரண்டாம் ஆண்டே எழுந்து போயிருப்பார்கள். ஒருவர் மலை, இன்னொருவர் நிலம். உழுது விதைத்துப் பருவம் பார்த்துக் காத்திருப்பவருக்கே நிலம் விளைச்சல் தரும் என்று பவணந்தியார் சொன்ன நிலம் அது. 2024-இல் புடாபெஸ்டில் இந்திய ஆடவர் அணி தங்கம் வென்றபோது அணித் தலைமைப் பொறுப்பில் இருந்தவரும், ஆட்டத்திலிருந்து பயிற்சிக்குத் திரும்பிய சென்னை இளைஞர் ஸ்ரீநாத் நாராயணன்தான்.

முடியாத கல் சொல்லும் பாடம்

மாமல்லபுரத்துக்கு வரும் பயணிகள் முடிந்த சிற்பங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பிள்ளைகளை அழைத்துப் போனால் முடியாதவற்றைக் காட்டுவேன். வலையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதங்களையும் பாருங்கள். மேலே சிகரம் செதுக்கியிருக்கும். கீழே வெறும் பாறை. மேலிருந்து கீழாகக் குடைந்தார்கள் என்பதை அவைதான் சொல்கின்றன. முடியாத குகைகளில், பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இடையே பள்ளம் வெட்டி, ஒவ்வொரு கட்டமாகத் தட்டி எடுத்த தடம் இன்றும் தெரியும். அர்ச்சுனன் தபசு கண்ணுக்கு விருந்து. அது எப்படிப் பிறந்தது என்று அதைப் பார்த்தால் மட்டும் தெரியாது. மெருகு ஏறியபின் உளித்தடம் மறைந்துவிடுகிறது.

பெரிய ஆட்டக்காரர் மெருகு ஏறிய சிற்பம். பிள்ளைக்கு வேண்டியது உளித்தடம்.

நம் சிற்பிகள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். கண்ணளவு, கையளவு என்று விட்டுவிடாமல், முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று கொண்டு உடம்பு முழுவதையும் அளந்து வைத்தார்கள். உத்தம தச தாலம் என்றால் உருவத்தின் உயரம் 124 பாகங்கள். கைக்குள் இருந்த வித்தையை எண்ணாக்கிப் பேரனுக்குக் கொடுத்தார்கள். 1957-இல் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அதை வைத்தியநாத ஸ்தபதி நடத்தினார். அவருக்குப்பின் மகன் கணபதி ஸ்தபதி பல்லாண்டுகள் நடத்தினார். குமரிக்கடலில் 133 அடி வள்ளுவரை நிறுத்தியவர் இந்தக் கணபதி ஸ்தபதி. பெரிய கலைஞர் பெரிய ஆசிரியராகவும் இருக்க முடியும் என்பதற்கு அவர் சான்று. கையில் வித்தையும், சொல்ல ஓர் அளவும், சொல்லித்தர ஒரு பள்ளியும் அவரிடம் சேர்ந்திருந்தன.

என் விடையும் வேண்டுகோளும்

ஆகவே அந்தப் பெற்றோருக்கு என் விடை இது. பெரிய ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆக முடியும். ஆட்டத்தைக் கற்ற அதே பணிவோடு கற்பித்தலையும் முதல் பாடத்திலிருந்து கற்றால் முடியும். கற்காவிட்டால், அவர் வருகை ஒரு நாள் திருவிழா; மறுநாள் பந்தல் பிரித்துவிடுவார்கள்.

முன்னாள் வீரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சியாளர் உரிமப் படிப்பில் அடி நிலையிலிருந்து தொடங்குங்கள். அதோடு, ஓர் ஆண்டாவது ஏதாவது ஓர் அரசுப் பள்ளி மைதானத்தில், அங்குள்ள உடற்கல்வி ஆசிரியருக்கு உதவியாளராக நில்லுங்கள். எதுவும் வராத பிள்ளையிடம்தான் கற்பித்தலைக் கற்க முடியும். நம் மாவட்டத்திலேயே, மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வித்தையும் படிப்பும் சந்திக்க வேண்டிய இடம் அது.

பள்ளித் தலைமைகளுக்கு ஒன்று. பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடனாக எடுக்கிறீர்கள். திருப்பித் தந்ததை நான் பார்த்ததில்லை. அந்த நாற்பது நிமிடத்தில்தான் எங்கோ ஒரு ரஹீம் ஒரு ஜர்னைலைக் கண்டுபிடிக்க வேண்டும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று. ஒரு பயிற்சியாளரிடம் பிள்ளையைச் சேர்க்கும்முன், அவர் என்னென்ன கோப்பை வாங்கினார் என்று கேட்காதீர்கள். ஒரு மாலை மைதான ஓரத்தில் நின்று பாருங்கள். பந்து சரியாக வராத பிள்ளையிடம் அவர் எத்தனை முறை திரும்பிப் போகிறார் என்று எண்ணுங்கள். கோபப்படாமல் ஐந்தாம் முறையும் அவர் போனால், அவர் உலகக் கோப்பையில் ஆடியவராக இருந்தாலும் சரி, மாவட்ட அணிக்குக்கூட ஆடாதவராக இருந்தாலும் சரி, உங்கள் பிள்ளையை நம்பி அவரிடம் விடுங்கள்.